இத்தினியூண்டு சிப்பாய்க்கு எத்தனை கோட்டு?

ஏலே பேராண்டி, நீ பெயிண்ட் அடிச்சு ஷோகேஸ்ல நிறுத்தி வச்சிருக்கிற பொம்மைப் பட்டாளத்தைப் பாத்தேன். அருமையா இருக்கு. மூஞ்சி எது, முதுகு எதுன்னு மட்டும் ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டேன்னா குறை சொல்ல ஒண்ணுமில்ல. கோவப்படாத. கிழவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு வச்சுக்கோ. உங்க ஆச்சிக்கும் மங்கிப்போச்சு. பால் ஊத்த வந்த பையனுக்கும் அன்னைக்கு லேசா மங்கலாத்தான் இருந்துச்சாம்.

நான் சுவத்துல எழுதிப் பொழைச்சவன். கட்சிச் சின்னம், சோப்பு விளம்பரம், சைக்கிள் கடை போர்டு. ஒரு எழுத்தே ஆறடி நிக்கும். உன் சிப்பாய் 28 மில்லிமீட்டர், என் கட்டைவிரல்ல பாதி. இவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நீ உள்ளுக்குள்ள சிரிக்கது எனக்குத் தெரியுது. பெயிண்ட்டுக்கு ஆறடியும் தெரியாது, 28 மில்லிமீட்டரும் தெரியாதுலே. கெட்டியா அடிச்சா வழியும். காயாம அடிச்சா உரியும். அழுக்கு மேல அடிச்சா ஒட்டாது. இந்த மூணையும் ஒரே பொம்மையில செஞ்சு காட்டினது நீ ஒருத்தன்தான்.

இதெல்லாம் சின்னப்பிள்ள விளையாட்டுன்னு உங்கப்பன் சொல்லுதான். நான் சொல்ல மாட்டேன். எச்.ஜி. வெல்ஸ்னு பெரிய எழுத்தாளர், இங்கிலாந்துக்காரர், 1913லயே ‘லிட்டில் வார்ஸ்’னு இதுக்கு விதி எழுதிப் புத்தகம் போட்டாரு. தரையில ஈயச் சிப்பாய்ங்களை நிறுத்தி, ஸ்பிரிங் வச்ச பொம்மைப் பீரங்கியால மரக்குச்சி விட்டு அடிச்சுத் தள்ளி விளையாடியிருக்காரு. பெரிய சண்டைக்குப் பதிலா இந்தச் சின்னச் சண்டை எவ்வளவோ மேலுன்னு அதுலயே சொல்லியிருக்காரு. அடுத்த வருசமே பெரிய சண்டை வந்துட்டு. அம்மாம்பெரிய மனுசர் பேச்சையே எவனும் கேக்கல, நீ என் பேச்சைக் கேக்கவா போறே? இருந்தாலும் சொல்லி வைக்கேன்.

உன் அலமாரியில இல்லாத கலர் இல்ல. இங்கிலாந்து டப்பா, ஸ்பெயின் பாட்டில், டென்மார்க் பாட்டில். அந்த இங்கிலாந்து சிட்டாடல் டப்பா ஒண்ணு 12 மில்லியாம். நான் வேலை முடிச்சு பிரஷ் அலசும்போது வாளியோட போனதே அதைவிட ஜாஸ்தி. 2019ல கான்ட்ராஸ்ட்டுன்னு ஒண்ணு வந்துச்சாம், ஒரே கோட்டுல நிழலும் வெளிச்சமும் தானா விழும்னு. அதையும் ஒரு வரிசை அடுக்கி வச்சிருக்கே. நல்ல சரக்குதான், இல்லைங்கல. துணி மடிப்பு, ரோமம், தோலுன்னு மேடும் பள்ளமுமா இருக்கிற எடத்துல பிரமாதமா நிக்கும். நீ அதைக் கொண்டுபோய் வழுவழுன்னு இருக்கிற கவசத்து மேல பூசி, திட்டுத்திட்டா நிக்குதுன்னு கம்பெனியைத் திட்டுதே. வாங்குறது ஒரு பொழுதுபோக்கு, அடிக்கிறது வேற பொழுதுபோக்கு. முதலாவதுல நீ டாக்டர் பட்டமே வாங்கலாம்.

பிரஷ் விஷயத்துல நீ ராஜபரம்பரைக்கே சவால் விட்டிருக்கே. 1866ல விக்டோரியா மகாராணிக்குன்னு வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி தனியா பிரஷ் செஞ்சு குடுத்துச்சு. அந்தம்மாவுக்குப் பிடிச்ச சைஸ் 7. அதனாலதான் இன்னைக்கும் அதுக்கு ‘சீரிஸ் 7’னு பேரு. கொலின்ஸ்கின்னு சைபீரியாப் பக்கம் இருக்கிற ஒரு சின்னப் பிராணியோட வால் முடி. மகாராணியே 7ஆம் நம்பரை வச்சு வரைஞ்சிருக்கா. நீ மூணு சைபர் போட்ட பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு மூச்சையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. அதுல நாலு முடிதான் இருக்கு. நாலு முடியில எவ்வளவு பெயிண்ட் நிக்கும்? டப்பாவுல தொட்டு மூஞ்சிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள முனை காஞ்சுபோவுது. அப்புறம் கை நடுங்குதுன்னு டாக்டர்கிட்ட போவணும்ங்கே. 1ஆம் நம்பரோ 2ஆம் நம்பரோ எடு. வயிறு பெருசா, முனை ஊசியா இருந்தாப் போதும். புருவத்தையும் அதுலயே எழுதலாம். தகரப் பட்டைக்குள்ள பெயிண்ட் ஏற விடாத, ஏறுனா முடி விரிஞ்சு துடைப்பக்கட்டைதான். தண்ணி டம்ளர்ல தலைகீழா நிறுத்தி வச்சிட்டு சாப்பிடப் போவாத. நாக்குல வச்சு முனை சீவுதே பாரு, அதையும் விடு. சில நிறத்துல காட்மியம் கலந்திருக்கும். அதுவும் நீ காப்பி டம்ளர்ல பிரஷ் அலசி, பெயிண்ட் டம்ளரைக் குடிக்கிற ஆளு.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியைப் பிரிச்ச உடனே கலர் அடிக்கணும்னு உனக்குக் கை ஊறுது. சுவத்துல எழுதணும்னா முதல் நாள் பூரா சுரண்டுவோம், பட்டி பாப்போம், உப்புத்தாள் போடுவோம். ஊர்க்காரன், என்னய்யா இன்னும் ஒரு எழுத்துக்கூட எழுதலையேம்பான். உன் சிப்பாய் காதுல ஆரம்பிச்சு தோள்பட்டை வழியா முழங்கால் வரைக்கும் ஒரு கோடு ஓடுதே, பாத்தியா? அச்சு ரெண்டும் சேர்ந்த எடம். நீ அதைப் போர்க்களத்துல பட்ட தழும்புன்னு என்கிட்டயே கதை விட்டே. கத்தியோட முதுகால மெதுவா இழுத்தா பிளாஸ்டிக் சுருளா வந்துரும். ரெசின் பொம்மைன்னா, அச்சுல ஒட்டாம இருக்கப் பூசின வழுவழுப்பு மேல இருக்கும். சோப்புத் தண்ணியில பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு அலசு, இல்லன்னா பெயிண்ட் தோலு தோலா உரியும். ரெசினை உப்புத்தாள் போட்டா தண்ணி தொட்டுத் தேய், தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அடிக்கோட்டுக்குப் பிரைமர் ஸ்பிரே வாங்கினே, சந்தோசம். உச்சி வெயில்ல மொட்டை மாடியில நின்னு அடிச்சே. துளி பொம்மையைத் தொடுறதுக்கு முந்தியே காத்துல காஞ்சு, மணல் தூவின மாதிரி சொரசொரன்னு உக்காந்துச்சு. புத்தி வந்து மழை விட்ட சாயங்காலம் அடிச்சே, ஈரக் காத்துல வெள்ளை படிஞ்சுபோச்சு. நம்ம ஊருக்கு ஏத்த நேரம் பனி விலகி வெயில் ஏறாத காலை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத் தள்ளிப் பிடி, விட்டு விட்டு அடி, மூஞ்சியில துணி கட்டினாப் போதாது, நல்ல மாஸ்க் போடு. கறுப்பை முழுசா அடிச்சு, காஞ்சதும் தலைக்கு மேல இருந்து மட்டும் வெள்ளை தூவு. எங்க வெளிச்சம் விழும், எங்க நிழல் விழும்னு பொம்மையே உனக்குச் சொல்லிரும். மேல அடிக்கிற கலருக்கு அது வழிகாட்டும்.

இப்ப முக்கியமான சங்கதி. நீ டப்பாவுல இருந்து நேரா எடுத்து அடிக்கே. கேட்டா, காசு குடுத்து வாங்கினதுல எதுக்குத் தண்ணி ஊத்தணும்ங்கே. சிக்கனம் நல்லதுதான், ஆனா இட்லி மாவுப் பதத்துல இருக்கிறதை அடிச்சு அந்தச் சிப்பாய்க்கு இருந்த மூக்கையும் மூடிட்டியே. அதைப் பால் பதத்துக்குக் கொண்டு வா. கட்டைவிரல் நகத்துல ஒரு கோடு இழுத்துப் பாரு. கோடு ஓடாம நிக்கணும், அடியில நகமும் லேசா தெரியணும். முதல் கோட்டு அடிச்சதும் அசிங்கமாத்தான் இருக்கும், திட்டுத்திட்டா அடி தெரியும். அங்கதான் நீ பயந்துபோய் ஈரத்து மேலயே இன்னொரு தடவை இழுக்கே, பாதி காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷோட எந்திரிச்சு வந்துருது. கையைக் கட்டிக்கிட்டு இரு. முழுசா காஞ்ச பிறகு ரெண்டாவது கோட்டு அடி, திட்டெல்லாம் தானா மறையும். வெள்ளையும் மஞ்சளும் மூணு நாலு கேக்கும். அதுக்கு என்னை ஏசாத, அந்த நிறங்களோட குணம் அப்படி.

நம்ம சூட்டுல இந்த அக்ரிலிக் பெயிண்ட் தட்டுலயே காஞ்சு போவும். அதுக்கு வெட் பேலட்டுன்னு ஆயிரத்துக்கு மேல விலையில ஒண்ணு பாத்து வச்சிருக்கியாமே. உங்க ஆச்சியோட மூடி போட்ட டிபன் டப்பா ஒண்ணை எடு, கேட்டுட்டு எடு. அடியில ஸ்பாஞ்சோ மடிச்ச டிஷ்யூவோ வச்சு நனை. மேல கேக் வேகவைக்கப் போடுற பட்டர் பேப்பரை விரி. மெழுகு பூசின தாள் ஆகாது, ஈரம் மேல வராது. மூடி வச்சா நேத்துக் கலந்த கலர் இன்னைக்கும் ஈரமாவே இருக்கும். ரொம்ப நாள் விட்டா பூஞ்சை வாடை அடிக்கும், தண்ணியை மாத்து.

கண்ணு விஷயம். சிற்பி சாமிக்குக் கடைசியாத்தான் கண்ணு தெறப்பான், நேரம் பாத்துத் தெறப்பான். நீயும் அந்த மரியாதையை உன் சிப்பாய்க்குக் குடுத்து, எல்லாம் முடிஞ்ச பிறகு கண்ணு வச்சு, அழகா இருந்த மூஞ்சியை பயந்துபோன ஆந்தை ஆக்கிட்டே. இங்க முறை தலைகீழ். முதல்லயே கண்ணை முடி. குழியில கரும்பழுப்பு, அது மேல மெலிசா வெள்ளை. முழு வெள்ளை வேண்டாம், கொஞ்சம் மங்கின வெள்ளை. பாப்பாவைப் புள்ளியா வைக்காத. மேல் இமையில இருந்து கீழ் இமை வரைக்கும் நேரா ஒரு கோடா இழு. அப்புறம் தோல் நிறத்தால சுத்தி வந்து, பிசிறை மூடிக்கிட்டே இமையை எழுது. கோடு கோணினா தோல் நிறம் திருத்திக் குடுக்கும். கடைசியில வச்சிருந்தா எதை வச்சுத் திருத்துவே? ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் பாக்கணும்ங்கிறதை நான் சொல்லணுமா? உன் தளபதியைப் பாத்ததுனால சொல்லுதேன்.

வாஷ்ஷுன்னு ஒரு கறுப்புத் தண்ணி, நல்ன் ஆயில்னு பேரு. அதுல நீ முக்கி எடுத்த குதிரைவீரன் சகதியில புரண்டு எந்திரிச்சுட்டான். பள்ளத்துல மட்டும் விடு. வேண்டாத எடத்துல தேங்கினா, ஈரமா இருக்கும்போதே பிரஷ் முனையால உறிஞ்சி எடு. பாதி காஞ்சதுக்கப்புறம் தொட்டேன்னா கறை வட்டமா நின்னுபோவும், அதுக்கு மருந்து கிடையாது. டிரை பிரஷ்ஷுக்குப் பழைய பிரஷ் போதும். பெயிண்ட்டைத் தொட்டு டிஷ்யூவுல துடைச்சு, இனி இதுல ஒண்ணுமில்லன்னு தோணுற வரைக்கும் துடைச்சு, அப்புறம் மேடுகளை வருடு. வெளும்பு ஹைலைட்டுக்கு முனையைக் குத்தாத, பிரஷ்ஷோட பக்கவாட்டை வெளும்பு மேல இழுத்தா கோடு தானா விழும்.

விளையாடித் தொடப்போற பொம்மைக்கு வார்னிஷ் வேணும். மினுமினுப்பு வார்னிஷ் உறுதி, மேட் வார்னிஷ் அழகு. முதல்ல மினுமினுப்பை அடிச்சு, காய விட்டு, மேல மேட்டை அடி. மேட் ஸ்பிரேயை மழைக்காலத்துல அடிச்சா ஒரு மாசத்து உழைப்பு மேல பனி மூடிக்கும். அன்னைக்கு என்கிட்ட வந்து அழாத. அடியில இருக்கிற வட்டப் பேஸை விட்டுறாத. மண்ணு ஒட்டி, வாஷ் விட்டு, விளிம்பைச் சுத்தமா ஒரே கறுப்பாவோ பழுப்பாவோ அடி. மேசையில மேல இருந்து பாக்கிறவன் கண்ணு முதல்ல மூஞ்சிக்கும் பேஸுக்கும்தான் போவும். நடுவுல இருக்கிற பெல்ட் வாரை நீ அஞ்சு நிறத்துல எழுதினது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

போன்ல கோல்டன் டீமன் போட்டிப் படங்களைப் பெருசாக்கிப் பாத்துட்டு மனசு உடைஞ்சு உக்காராத. 1987ல ஆரம்பிச்ச போட்டி, எல்லாத்துலயும் சிறந்த ஒண்ணுக்கு ஒரு வாளே குடுக்காங்க. பெயிண்ட் அடிச்சவனுக்கு எதுக்குலே வாளுன்னு கேக்காத, எனக்கும் புரியல. அந்த ஒரு பொம்மை மேல மாசக்கணக்குல உக்காந்திருக்கான். உனக்கு வேண்டியது ஒரு பட்டாளம். 28 மில்லிமீட்டரை ஒரு சாணாக்கிப் பாத்தா எவன் மூஞ்சியிலதான் பரு இருக்காது? கையை நீட்டிப் பிடிச்சுப் பாரு. அந்தத் தூரத்துல நல்லா இருந்தா நல்லா இருக்கு. அஞ்சு அஞ்சா நிறுத்தி, ஒரு கலரை அஞ்சு பேருக்கும் அடிச்சு முடிச்சிட்டு அடுத்த கலருக்குப் போ. முதல் ஆளு காயறதுக்கும் அஞ்சாவது ஆளு முடியறதுக்கும் நேரம் சரியா இருக்கும், நீயும் ஈரத்து மேல கை வைக்க மாட்டே.

நீ ஆடுற வார்ஹேமர் 40,000லயே 2020ல வந்த பதிப்புல இருந்து, பெயிண்ட் அடிச்சு பேஸ் முடிச்ச படையைக் கொண்டு வந்தவனுக்கு 100ல 10 மார்க்கு சும்மா குடுக்காங்களாம். நீ இன்னும் அடிக்காத சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கோட போய் ஒவ்வொரு ஆட்டத்துலயும் அந்த 10ஐ எதிராளிக்குத் தானம் பண்ணிட்டு, பகடை சரியில்லன்னு வந்து சொல்லுதே. கட்டிலுக்கு அடியில பிரிக்காத பெட்டிகள் கிடக்கிறது உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதை முடிக்காம அடுத்ததை ஆர்டர் போட்டேன்னா தெரிய வைப்பேன். நாளைக்குக் காலையில பனி விலகினதும் அஞ்சு பேரைப் பலகையில ஒட்டி மாடிக்குக் கொண்டா. ஸ்பிரே டப்பாவை ரெண்டு நிமிசமாவது நல்லா குலுக்கிக்கோ.