ஐந்தாவது கியருக்குக் கழிவு கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: அந்தமான் நிக்கோபார் நிர்வாகம், ஸ்ரீ விஜயபுரம் (செப்டம்பர் 2024 வரை போர்ட் பிளேர்)

பொருள்: நகரில் திறக்கப்படும் புதுக் கார் ஷோரூம்கள் குறித்து

பார்வை: உச்ச நீதிமன்ற உத்தரவு, நாள் 7.5.2002

ஐயா,

தீவில் கார் ஷோரூம் திறப்பு என்றால் அது கல்யாண வீடுதான். ரிப்பன், லட்டு, பலூன் என்று ஒன்றும் குறையாது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைச் சக்கரம் சுற்றாமலே கடந்து வந்த வண்டி, வெற்றிமலை முருகன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கித் தன் தரைவழி வாழ்க்கையைத் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழையும் உப்புக்காற்றும் அதற்காகக் காத்திருக்கின்றன. துருப்பிடிக்காமலிருக்க அடிப்பூச்சு வேண்டுமா என்று விற்பனையாளர் கேட்பது வியாபாரத் தந்திரமல்ல, அனுதாபம்.

பெட்ரோல் விஷயத்தில் நிர்வாகத்தின் தாராளத்தை மெச்சியே ஆக வேண்டும். 2024-இல் சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்றபோது, கப்பலேறி வந்த அதே பெட்ரோல் இங்கே 82 ரூபாய் சொச்சம். மதிப்புக்கூட்டு வரி ஒரே ஒரு சதவீதம். எரிபொருள் மலிவு, வண்டி பளபளப்பு, மாதத் தவணையும் உண்டு. போவதற்கு இடம்தான் வேண்டும்.

"லாங் டிரைவுக்கு ஏத்த வண்டி சார்" என்பார் விற்பனையாளர். விண்ணப்பதாரர் அந்தச் சொல்லில்தான் மயங்கினார். வடக்கே திக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்; பெயரும் தேசிய நெடுஞ்சாலை 4. விடியுமுன் ஜிர்காடாங் போய்ச் சேர்ந்தால், சோதனைச் சாவடியில் கான்வாய் வரிசை. ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் முன்னே போலீஸ் வண்டி, பின்னே ஊர்வலம். வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஐம்பது கிலோமீட்டர்போல இப்படி ஊர்ந்தபின் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் சாலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். அங்கே காரோடு படகு ஏற வேண்டும். கடல் தாண்டி வந்த வண்டிக்குப் பிறந்த வீட்டு நினைவு வராமலிருக்குமா?

விதிகளைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அந்தச் சாலை போகும் காடு ஜாரவாப் பழங்குடியினருடையது. அவர்கள் சில நூறு பேர்தான். ஷோரூமில் கண்ணாடிக்கு உள்ளே வண்டி, வெளியே மனிதர். ஜிர்காடாங் தாண்டினால் கண்ணாடிக்கு உள்ளே மனிதர், வெளியே ஜாரவா. இது கூடாதென்றுதான் பார்வையில் கண்ட உத்தரவு, ஜாரவாக் காப்பகத்தில் விழும் சாலைப் பகுதிகளை மூடச் சொன்னது. நிர்வாகம் உத்தரவை மீறியது என்று சிலர் பேசுவது அநியாயம். கதவை நாள்தோறும் மூடத்தானே செய்கிறது? மூடியபின் அடுத்த கான்வாய்க்குத் திறக்கிறது, அவ்வளவுதான். 2017-இல் மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்கு அப்பாலுள்ள பாராடாங் தீவுக்குக் கடல்வழியும் வந்தது. சாலைக்கு ஓய்வு கிடைக்கும் என்று நம்பியவர்கள் உண்டு, பாவம், அப்பாவிகள். அப்புறம் அதே சாலையில் ஹம்ப்ரி நீரிணைமேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் எழும்பியது. மூட வேண்டிய சாலைக்கு இவ்வளவு சீர் செய்த வேறொரு சர்க்காரை விண்ணப்பதாரர் கேள்விப்பட்டதில்லை.

பேட்டரி கார் வாங்கிப் புண்ணியம் தேடலாமென்றும் யோசித்தார். ஓரளவு சூரிய மின்சாரம் உண்டுதான். ஆனால் தீவு மின்சாரத்தின் பெரும்பங்கு இன்னும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. புகை ஒழிந்துவிடாது, காரின் வாலிலிருந்து மின்நிலையத்துக்கு இடம் மாறும்.

ஆகவே, கார் விளம்பரங்களில் அதிகபட்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று அச்சிடவும், பயன்படாத ஐந்தாவது கியரின் விலையைக் கழித்துத் தரவும் ஆவன செய்ய வேண்டுகிறார். 2002 உத்தரவின் நகல் கோப்பில் காணவில்லை என்றால் தகவல் சொன்னால் போதும். விண்ணப்பதாரரே ஒன்று கொண்டுவந்து தருவார், நடந்து.

இங்ஙனம்,
தீவுத் தமிழர் ஒருவர்

இணைப்பு: எலுமிச்சம்பழம் 4