சோப்புத் தண்ணீர் மகாத்மியம்

நிலக்கரிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. தாமரை இலைமேல் விட்ட மாதிரி உருட்டித் தள்ளிவிடும். ஆனால் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். உள்ளே போய் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால், ஆள் சாகும்வரை காலி செய்யாது.

இதற்கு விஞ்ஞானம் ஒரு வழி கண்டுபிடித்தது. வெட்டும் இயந்திரத்தின்மேல் பீய்ச்சும் தண்ணீரில் சோப்புக்குச் சொந்தக்கார ரசாயனம் ஒன்றைக் கொஞ்சமாய்க் கலப்பது. தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கும் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அடம்பிடிக்கும் கரித்தூளும் நனைந்து கீழே படியும். அமெரிக்கச் சுரங்கத் துறை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் இதைச் சோதித்தார்கள். சில கரிக்குக் கேட்கிறது, சில கரிக்குக் கேட்பதில்லை, போதுமான தண்ணீரும் நல்ல காற்றோட்டமும் இல்லாத இடத்தில் எதற்குமே கேட்பதில்லை என்று தெரிந்தது. நுரையீரலின் அடிவரை போகிற தூள் ஐந்து மைக்ரான்கூட இருக்காது. எதிரே பெரிய நீர்த்துளி வந்தால் காற்றோடு காற்றாக விலகிப் போய்விடுகிற சாமர்த்தியம் அதற்கு உண்டு.

நான் சோப்பைக் குறை சொல்லவில்லை. இந்தக் கதையில் யோக்கியமான பாத்திரம் அது ஒன்றுதான். தண்ணீர் பீய்ச்சும் நாசில் அடைக்காமல் இருக்க வேண்டும், குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும், மின்விசிறி ஓட வேண்டும், காற்றைத் திருப்பும் திரைச்சீலை தொங்க வேண்டும். அடைத்த நாசிலை மாற்ற இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் டன் குறையும். டன் குறைவது நுரையீரல் கெடுவதைப் போலச் சில்லறை விஷயமா என்ன? எனவே, தூசியை அடக்குவதைவிடத் தூசிக் கணக்கை அடக்குவது மலிவு என்ற மகத்தான முடிவுக்கு அமெரிக்கக் கம்பெனிகள் பல வந்து சேர்ந்தன.

1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டனில் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தில் சுமார் 40,000 தொழிலாளிகள் கரித்தூளால் வரும் கருப்பு நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் வாஷிங்டனுக்குக் காது கேட்டது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஒருவன் வாழ்நாள் முழுக்கச் சுரங்கத்தில் உழைத்தாலும் இந்த நோயால் முடமாகக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் தூளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பும் கட்டினார்கள். எல்லாம் எழுதி முடித்து, யார் அளப்பது என்ற கேள்வி வந்தபோது, கம்பெனியே அளந்து அனுப்பட்டும் என்று விட்டார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததோடு நிற்கவில்லை. பூனையிடமே படியையும் கொடுத்தார்கள்.

அளக்கும் முறையும் அழகு. தொழிலாளியின் இடுப்பில் ஒரு சின்ன பம்ப். சட்டையில் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை ஃபில்டர் வைத்த டப்பா. ஷிப்ட் முழுக்க அது காற்றை இழுக்கும். ஃபில்டர் கருக்கும். அதை எடைபோட்டுப் பார்ப்பார்கள். வழக்கமான உற்பத்தியில் பாதி நடக்கிற நாளில் எடுத்த மாதிரியும் செல்லும் என்று விதி சொன்னது. ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் எட்டு மணி நேரக் காற்றை அளந்தால் போதும் என்றும் சொன்னது. மிச்ச நாலு மணி நேரம் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ. இத்தனை சலுகையும் போதாமல் பம்ப்பைச் சுத்தமான காற்று வரும் வழியில் தொங்கவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினார்கள். தொழிலாளியும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சுரங்கம் மூடும், சுரங்கம் மூடினால் அந்த மலைப் பக்கத்தில் வேறு பிழைப்பு இல்லை.

பிறகு அரசின் பிட்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்துக்கு விசித்திரமான ஃபில்டர்கள் வர ஆரம்பித்தன. சுற்றிலும் கரி, நடுவில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு. யாரோ பின்பக்கமாக வாய் வைத்து ஊதியதுபோல. 1991 ஏப்ரலில் தொழிலாளர் துறை அமைச்சர் லின் மார்ட்டின் 500க்கும் மேற்பட்ட கம்பெனிகளின்மேல் குற்றம் சாட்டி, சுமார் 50 லட்சம் டாலர் அபராதம் கேட்டார். கம்பெனிகளின் வக்கீல்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? டப்பா கீழே விழுந்திருக்கும், குழாயை யாராவது மிதித்திருப்பார்கள், பொட்டு தானாக விழுந்திருக்கும். நூற்றுக்கணக்கான சுரங்கங்களில், ஆயிரக்கணக்கான டப்பாக்களில், அச்சு எடுத்தாற்போல நடுவிலேயே! ஊதித்தான் பொட்டு விழுந்தது என்று அரசு நிரூபிக்கவில்லை என நீதிபதி தீர்ப்பளித்தார், வழக்கு படுத்துவிட்டது. வெள்ளைப் பொட்டுக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்தது. கருப்பு நுரையீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கரித்தூளால்தான் வந்தது, சிகரெட்டால் இல்லை என்று மூச்சு வாங்க வாங்க வருஷக்கணக்கில் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும்.

2010 ஏப்ரல் 5 அன்று மேற்கு வர்ஜீனியாவில் மாஸி எனர்ஜி கம்பெனியின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்தது. 29 பேர். கரி வெட்டும் இயந்திரத்தில் நாசில்கள் சில இடத்தில் அடைப்பு, சில இடத்தில் நாசிலே இல்லை. தண்ணீர் சரியாகப் பீய்ச்சியிருந்தால் ஒரு பொறியோடு முடிந்திருக்க வேண்டியது. மீத்தேனில் பற்றி, படிந்து கிடந்த கரித்தூளுக்குத் தாவி, மைல் கணக்கில் சுரங்கத்தை வாரிக்கொண்டு போயிற்று. இன்ஸ்பெக்டர் வாசலில் கால் வைத்ததும் ரேடியோவில் உள்ளே தகவல் சொல்ல அங்கே ஏற்பாடு இருந்தது. தண்ணீருக்குத்தான் ஏற்பாடு இல்லை. பிரேதப் பரிசோதனையில் நுரையீரலைப் பார்க்க முடிந்தது 24 பேருக்கு. அதில் 17 பேருக்குக் கருப்பு நுரையீரல். அவர்களில் ஐந்து பேர் சுரங்கத்தில் பத்து வருஷம்கூட வேலை செய்யாதவர்கள். வெடித்திருக்காவிட்டாலும் அவர்களுக்கு வேறொரு தேதி குறித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கம்பெனித் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்தார் என்று 2015இல் ஜூரி முடிவு சொன்னது. சட்டப்படி அது சின்னக் குற்றம். ஓராண்டு சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம். உள்ளே இருந்துகொண்டே தான் ஓர் அரசியல் கைதி என்று சிறுநூல் வெளியிட்டார். வெளியே வந்ததும் 2018இல் செனட்டர் ஆகக் கிளம்பினார். கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார் என்பதை ஆறுதலாகச் சொல்லலாம், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களை எண்ணாதவரை.

2014இல் விதியைத் திருத்தினார்கள். வரம்பு 1.5 மில்லிகிராம், உடனுக்குடன் அளவு காட்டும் கருவி, 80 சதவீத உற்பத்தி, முழு ஷிப்ட். நாற்பத்தைந்து வருஷம் தாமதம், பரவாயில்லை. ஆனால் அதற்குள் தடித்த கரிப்படலங்கள் தீர்ந்து, மெலிந்தவற்றுக்காகப் பாறையையும் சேர்த்து வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். பாறையில் சிலிக்கா இருக்கிறது, கரியைவிடக் கொடியது. வர்ஜீனியாவின் மூன்றே மூன்று கிளினிக்குகளில் 2013க்கும் 2017க்கும் இடையே நோயின் முற்றிய வகை 416 பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கிடையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திவாலாகி, நஷ்டஈட்டுப் பொறுப்பை அரசு நிதியின் தலையில் கட்டிவிட்டன. அந்த நிதி பல நூறு கோடி டாலர் கடனில் கிடக்கிறது.

சிலிக்காவுக்குத் தனி வரம்பு 2024இல் எழுதப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களில் அது 2025 ஏப்ரலில் அமலுக்கு வர வேண்டியிருந்தது. கல், மணல் வியாபாரிகளின் சங்கம் வழக்குப் போட, வருவதற்குச் சில நாள் முன்பு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே ஏப்ரலில், தொழிலாளிகளின் நுரையீரல் எக்ஸ்ரேக்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மார்கன்டவுன் அரசு அலுவலக ஊழியர்களுக்கு வேலை நீக்க நோட்டீஸ் போனது. இன்னொரு நீதிபதி தலையிட்டுத்தான் அது நின்றது. சிலிக்கா வரம்பின் நிறுத்திவைப்பு நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கிற தூளுக்கும் பொருந்துமா என்று கேட்டு இதுவரை யாரும் மனுப் போடவில்லை.