டைம்டேபிள் அப்பா

காலாண்டுத் தேர்வு மார்க் வந்த வாரம் எந்த ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் இவரைப் பார்க்கலாம். சார்ட் பேப்பர், நாலு கலரில் ஸ்கெட்ச் பேனா, ஒரு செட் ஹைலைட்டர். பையன் அரசுப் பள்ளியில் ஏழாவது; கணக்கில் 41. வைத்தியம் அந்தப் பைக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அட்டவணை தயாராகும். 4.30 எழுதல், 4.40 வரை பல் துலக்கல், அப்புறம் கணக்கு. விளையாட்டுக்கு இருபது நிமிடம், அதுவும் மழை இல்லாவிட்டால். அட்டவணை லேமினேட் ஆகி பீரோ கதவில் ஏறும். திங்கட்கிழமை அதிகாலை அலாரம் அடிக்கும்போது எழுந்து அணைப்பவர் அம்மா.

சாயங்காலம் விசாரணை.

"எத்தனை மணி நேரம்டா படிச்ச?"

"ரெண்டு மணி நேரம்ப்பா."

அத்தோடு சரி. என்ன படித்தாய் என்று கேட்கமாட்டார். கேட்டால் பதில் சரியா என்று தனக்கும் தெரிந்திருக்க வேண்டுமே!

பையனும் லேசுப்பட்டவன் இல்லை. புத்தகத்தில் பக்கம் பக்கமாக மஞ்சள் பூசியாகிவிட்டது. பக்க எண் மட்டும் தப்பித்திருக்கிறது. அப்பாவுக்கு ஏகப்பட்ட திருப்தி. 2013-இல் ஜான் டன்லாஸ்கி முதலான அமெரிக்க உளவியலாளர்கள் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடு போடுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் பலன் குறைந்த வரிசையில்தான் வைத்தார்கள். தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், பாடத்தைப் பல நாளுக்குப் பிரித்துப் படிப்பதும் முதல் வரிசைக்குப் போயின. ஆனால் தினம் இருபது நிமிடம் படிக்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள முடியுமா? விடிய விடியப் படித்தான் என்றால்தானே கௌரவம்.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல், நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் மிஞ்சியது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 56. நம் அப்பா பார்ப்பதெல்லாம் அந்த ஐந்தாவது நிமிடத்தை. பரீட்சையோ சாவகாசமாகத்தான் வருகிறது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாத ஒருவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். பாட்டி, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்: "ஏன்டா, செடிக்கு யாரு சமைச்சுப் போடுறா?" பையன் புத்தகத்தை மூடிவிட்டு விளக்குவான். இலை, வெயில், தண்ணீர், கரியமில வாயு. "அப்போ ராத்திரி சமையல் கிடையாதா?" என்பார். அதற்கு அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் கழித்து, மறதியில், அதே கேள்வி மறுபடி வரும். அவனும் முதலிலிருந்து மறுபடி சொல்வான். இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது என்று வல்லுநர்கள் சொல்வது இதைத்தான். பாட்டிக்கு அது ஞாபக மறதி.

அரையாண்டில் அறிவியல் மார்க் ஏறியது. ஹைலைட்டரின் மகிமை என்று அப்பா முடிவு கட்டினார். அடுத்த வருஷம் எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். தேர்வு, 180 கேள்விகள், உதவித்தொகை கிடைத்தால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய். அதற்கும் இப்போதே ஒரு அட்டவணை போட்டாயிற்று. அம்மா காதில் போட்டுவைத்ததால் அதில் புதிதாக ஒரு வரி: "இரவு 8.30 – 8.40: பாட்டி கேள்வி நேரம்."

பாட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார். எட்டரைக்கு அவருக்கு சீரியல்.