கறுத்த மண்ணெல்லாம் கொழுத்த மண்ணா?

கேள்வி: அமிலம் ஊற்றாமல், எரிக்காமல், வெறும் ஒளியைப் பாய்ச்சியே மண்ணில் மக்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாமாமே, நம்பலாமா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: தாராளமாக நம்பலாம். ஆனால் உங்கள் ஊர்க் கரிசலிடம் மட்டும் கொஞ்சம் உஷார்! மக்கு கூடினால் மண் கறுக்கும், ஒளியைக் குறைவாகத் திருப்பும். நிறத்தை மட்டும் பார்த்தால் கரிசல் ஏமாற்றிவிடும். அண்டங்காக்கைக் கறுப்பாக இருந்தாலும் அதில் மக்கின் அளவைச் சொல்லும் கரிமம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். அதனால்தான் கருவி நிறத்தோடு நிற்காமல் அகச்சிவப்புக்கும் போகிறது: 350 முதல் 2500 நானோமீட்டர் வரை. கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்புகள் அங்கே சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் இருந்தாலோ 1400, 1900 நானோமீட்டர் பக்கம், திரும்பும் ஒளியைக் காட்டும் வளைகோட்டில் பெரிய பள்ளமே விழும். ஆகவே மண்ணை உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து வைப்பது நல்லது.

இன்னொன்று. கருவி தானாக எதையும் அறியாது. 1934-இல் வாக்லி, பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த டைகுரோமேட் அமிலச் சோதனைதான் இன்றும் பல இடங்களில் அதற்கு வாத்தியார். தஞ்சை வண்டலில் படித்த கருவி கோவில்பட்டித் தேர்வில் கோட்டை விடும். உங்கள் வட்டாரத்து மண்ணையே கொடுத்து முதலில் பழக்கச் சொல்லுங்கள்.