லங்கோட்டுக்கு ஒரு திருத்த மசோதா

பெறுநர்: இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு
அனுப்புநர்: கபடிப் பிரியர், விம்கோ நகர், திருவொற்றியூர், சென்னை
பொருள்: ஆட்டக்காரரின் உள்ளாடை – விதியில் திருத்தம் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரியீர்,

முதலில் பாராட்டு. பனியன், கால்சட்டை, அதற்குள் ஜட்டி அல்லது லங்கோடு: ஆட்டக்காரரின் குறைந்தபட்ச உடை இதுவென்று கபடி விதி வெளிப்படையாகச் சொல்கிறது. நகத்தை ஒட்ட வெட்டு, உடம்பில் எண்ணெய் தடவாதே என்று கவனித்துக் கவனித்து எழுதியவர்கள் அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

விட்டது ஒன்றுதான். லங்கோடு தூக்கிப் பிடிக்கும். முழங்கால் வந்து இடித்தால் தாங்காது. தொடைப்பிடிக்குப் பாய்பவனுக்கும் பின்னங்காலால் உதைத்துத் தப்பும் ரைடருக்கும் இடையே என்ன நடக்கும் என்பதை நடுவர் அறிவார். ஆனாலும் ஆட்டக்காரர் சுருண்டு விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுகிறார்கள்.

தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகருக்கு 2021இல் மெட்ரோ ரயிலே வந்துவிட்டது; ஆட்டக்காரருக்குக் காப்புதான் வரவில்லை. இதே திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பிற்காலத்தில் சச்சினின் பேட்டில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டது. அந்த பேட்டைப் பார்த்து வளர்ந்த தெரு கிரிக்கெட் அணிகளுக்கோ டீமுக்கு அடிவயிற்றைக் காக்க ஒரே கார்டு. அவுட்டானவர் கழற்றிக் கொடுப்பார்; அடுத்தவர் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு இறங்குவார். ரன் வந்ததோ இல்லையோ, படர்தாமரை வந்தது.

காலம் மாறாமலும் இல்லை. லங்கோடு கட்டாமல் எடை தூக்கினால் குடல் இறங்கிவிடும் என்பது பழைய பயில்வான்களின் எச்சரிக்கை. குடலிறக்கம் வயிற்றுச் சுவரின் பலவீனத்தால் வருவது. லங்கோடு அதைத் தடுக்காது. இளைஞர்கள் அந்தப் பயத்தால் அல்ல, வேறு வழியில் உள்ளாடைக்கு வந்தார்கள். 2014இல் புரோ கபடி தொடங்கி, கால்சட்டைக்குக் கீழே டைட்ஸ் தெரிய ரைடர்கள் டிவியில் பாய்ந்ததும், ஒளித்து வைத்தது நாகரிகமாகிவிட்டது. தொடையை இறுக்கிப் பிடிக்கும் டைட்ஸும் இடியைத் தாங்காது என்பது வேறு விஷயம்.

லங்கோட்டின் மேல்நாட்டு உறவான ஜாக்ஸ்ட்ராப் பிறந்ததே குலுக்கலுக்குப் பயந்துதான். பாஸ்டன் நகரின் கல் பாவிய தெருக்களில் சைக்கிள் மிதித்தவர்களுக்காக 1874இல் சிகாகோவின் ஷார்ப் அண்டு ஸ்மித் நிறுவனத்தில் சி.எஃப். பென்னட் அதை உருவாக்கினார். எண்ணூர் விரைவுச் சாலையில், கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒருநாள் மிதித்திருந்தால் இன்னும் இரண்டு பட்டை சேர்த்துத் தைத்திருப்பார்.

மற்ற ஆட்டங்களும் உள்ளே எட்டிப் பார்த்தவைதாம். உள்ளே போடும் டைட்ஸ் கால்சட்டையின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது கால்பந்து விதி. அதற்குக் கவலை நிறம். அமெச்சூர் குத்துச்சண்டையில் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே காக்கும் கப்பு கட்டாயம். அதற்குக் கவலை அடி. கபடியின் கவலை மானத்தோடு நின்றுவிட்டது.

ஆகவே பணிந்து கேட்பவை:

1. "ஜட்டி அல்லது லங்கோடு" என்பதற்குப் பின் "காப்புடன்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாம். கெட்டிக் கப்பு பிடிக்க வருபவரின் முகத்தைப் பதம் பார்க்குமா என்று ஆராய வழக்கம்போல் குழு அமைக்கலாம். குழு உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரைடு போய்வந்தால் அறிக்கை விரைவில் வரும்.

2. ஜெர்சி வாங்கும் பணத்தில் கப்பு வைத்த சப்போர்ட்டரும் ஆளுக்கொன்று வாங்கித் தரும்படி அணிகளிடம் சொல்லலாம். ஊருக்கெல்லாம் ஜட்டி தைக்கும் திருப்பூர் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது.

3. விரையில் திடீரெனக் கடும் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பயிற்சியாளர்கள் பையன்களிடம் வாய்விட்டுச் சொல்லலாம். விம்கோ நகரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது. மீதி நேரம் "இதை யாரிடம் போய்ச் சொல்வது" என்பதில் கரைகிறது.

இப்படிக்கு,
கபடிப் பிரியர்

நகல்: லங்கோட்டைத் துவைத்துத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும். வெயிலில் காய்ந்தால்தான் அரிப்பு வராது என்ற குறிப்புடன்.