அம்மாவின் வெந்நீர் அடுப்பு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு ஒன்று இருந்தது. மூன்று கல், அதன்மேல் ஒரு தாமிர அண்டா, அடியெல்லாம் கரி. தென்னந்தோப்பு இருந்ததால் விறகுக்குப் பஞ்சமில்லை. மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சி என்று எது கிடைத்தாலும் எரிந்தது. மழையில் மட்டை நனைந்துவிட்டால்தான் பாடு. அம்மா ஊதாங்குழலோடு குனிந்து ஊதுவார். புகை அவர் முகத்தில்தான் அடிக்கும். கண்ணில் நீர் வடிய, "இன்னொரு கை பன்னாடை எடுத்துட்டு வா சாமி" என்பார். வீட்டில் ஆறு பேர். எல்லோரும் குளித்த பிறகுதான் அம்மா குளிப்பார். அதற்குள் அண்டாவில் வெதுவெதுப்புகூட மிச்சமிருக்காது. இதை நான் கவனிக்கவே பல வருடம் ஆயிற்று.

இப்போது மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதை மாட்டிய அன்று, முட்டிவலியோடு படியேறி வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார் அம்மா. கறுத்த கண்ணாடிக் குழாய்களைத் தெற்குப் பார்த்துச் சாய்வாகச் செருகினார்கள். உச்சி வெயிலில் அம்மா ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடவே இல்லையே சாமி, ஏமாத்திட்டாங்களா?" என்றார். பிளாஸ்க் மாதிரிதான் அதுவும். இரண்டு கண்ணாடிச் சுவர், நடுவே காற்று இல்லாத வெற்றிடம். வெயில் உள்ளே போகும். சூடு அவ்வளவு எளிதில் வெளியே வராது. குழாயில் சூடான தண்ணீர் தானாகவே மேலேயுள்ள தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டாரே வேண்டாம். மறுநாள் விடியற்காலையில் முதல் ஆளாக அம்மாதான் குளித்தார். ஆவி பறந்தது.

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் தேவை. அத்தனையையும் நம் ஊர் வெயில் சும்மா தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் தொடர்ந்து மூடாப்புப் போட்டால் மட்டும் தொட்டிக்குள் இருக்கும் மின்சாரக் காயிலைப் போடுகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. எங்களுடையது உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். மாட்ட வந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் வருடமே குழாய்க்குள் உப்பு வெள்ளையாகப் படிந்து சூடு குறைந்துவிட்டது. கழற்றிக் கழுவியதில் நேரமும் பணமும் போயின. குளியலறையோ வீட்டின் மறுகோடியில். காலையில் முதல் ஒரு வாளி பச்சைத் தண்ணீராகத்தான் வரும். அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.

அந்த அண்டா இன்னும் பரணில் இருக்கிறது. விற்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவோ, "புளி போட்டுத் தேய்ச்சு யாருக்காவது குடுத்துடு, எனக்கு அதப் பாக்கவே வேண்டாம்" என்கிறார்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோலார் இன்று வாங்காவிட்டாலும், சுவர் பூசும் முன்பே வெந்நீருக்கெனத் தனியாக ஒரு குழாயை மாடியிலிருந்து இறக்கி வையுங்கள். குளியலறையைத் தொட்டிக்கு நேர் கீழே அமையுங்கள். வாங்கும்போது உங்கள் தண்ணீரின் உப்பைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.