இரண்டு விதமான 'இல்லை'

கேள்வி: வேறு சர்வரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று ஷெல் ஸ்கிரிப்டில் எஸ்எஸ்எச் வழியாகப் பார்க்கிறேன். இருக்கிற ஃபோல்டரையே சில நாள் 'இல்லை' என்கிறதே, ஏன்?

பதில்: வீடு பூட்டியிருந்தால் ஆளே ஊரில் இல்லை என்று முடிவு கட்டலாமா? உங்கள் ஸ்கிரிப்ட் அதைத்தான் செய்கிறது. 'டெஸ்ட் -டி' என்று கேட்டால், ஃபோல்டர் இருந்தால் எக்ஸிட் கோடாக 0 வரும், இல்லாவிட்டால் 1. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் எஸ்எஸ்எச் தருவது 255. பூஜ்ஜியம் அல்லாததையெல்லாம் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால் வம்புதான். பெயரில் இடைவெளி இருந்தாலும் தகராறு வரும்: அந்தப் பக்கத்து ஷெல் பாதையை மறுபடி பிரித்துப் படிக்கும், அதற்கும் சேர்த்து மேற்கோள்குறி போடுங்கள். இரவில் கிரான் ஓட்டுகிற வேலையென்றால் எஸ்எஸ்எச்சில் 'பேட்ச்மோட்' வைப்பது நல்லது, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்காது. 255 வந்தால் மட்டும், தயவுசெய்து, எதையும் உருவாக்காமல் அழிக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.